ஒழுங்கைக்குள் அகப்பட்ட வெளிநாட்டுச் சாரதி

இருபத்தைந்து வருடங்களாக லண்டனில் கார் ஓட்டுகிறேன். எம் 25 நெடுஞ்சாலையின் மழை இரவுகளிலும் மாலை நேர நகர நெரிசலிலும் பெரிய பதற்றம் எதுவுமின்றி ஓட்டியவன் நான். இதுவரை ஒரு விபத்தும் இல்லை. அந்தப் பெருமை கடந்த ஆவணி மாதம் யாழ்ப்பாணத்தில், நான் பிறந்த வீட்டிலிருந்து ஐம்பது யார் தூரத்தில், ஓர் ஒழுங்கை முடக்கில் உடைந்துபோனது.

குடும்பத்தோடு போயிருந்தபடியால் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். சாரதி வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். முடக்கில் மெதுவாகத்தான் திரும்பினேன். மதிலின் மறைவிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. நான் பிரேக்கை அமத்தினேன். வான் சைக்கிளில் முட்டவில்லை. ஆனால் ஒதுங்க இடமில்லாமல் அந்த முதியவர் எதிர் மதிலோடு உராய்ந்து விழுந்துவிட்டார். முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. இறங்கி ஓடிப்போய்த் தூக்கினேன். எங்கள் ஊரவர். சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் பிடித்துப் பழக்கியவர்களில் ஒருவர்.

“தம்பி, முடக்கிலை ஒருக்கா ஹோர்ன் அடிக்கிறேல்லையே?” என்று கேட்டார்.

“மதில் மறைச்சுப் போட்டுது ஐயா. இதை ஆர் இப்பிடி மூலை வரைக்கும் கட்டினது?” என்றேன்.

அவர் சைக்கிளின் ஹாண்டிலை நேராக்கிக்கொண்டே சொன்னார்: “உங்கடை மதில்தானே, தம்பி.”

உண்மைதான். அது எங்களுடைய மதில்தான். போர் நிறுத்தக் காலத்தில், 2003 இல், நான் அனுப்பிய காசில் கட்டப்பட்டது. அதுவரை அந்த எல்லையில் கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்றன. இடையில் பனையோலை வேலி. அத்திவாரம் வெட்டிய அன்று மேசன் தொலைபேசியில் கேட்டது இப்போதும் நினைவிருக்கிறது: “கதியாலுக்கு உள்ளாலையோ, வெளியாலையோ?” நான் வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றேன். “நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் பார்த்துச் செய்திருக்கிறார். ஓர் அடி வெளியால்.

வெளிநாட்டில் நாங்கள் கூடுகிற பிறந்தநாள் விழாக்களிலும் சாமத்திய வீடுகளிலும் ஊருக்குப் போய்வந்தவர்கள் சொல்கிற முறைப்பாடு ஒன்று உண்டு. “அங்கை வாகனம் ஓடேலாது. றோட்டெல்லாம் ஒடுக்கம். சனத்துக்கு ஒழுங்கு தெரியாது.” நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த முதியவரின் முழங்கையைக் கழுவிவிட்ட பிறகு, இந்த முறைப்பாட்டைச் சற்று நின்று யோசிக்க வேண்டியதாயிற்று.

வெளிநாட்டிலிருந்து போகிறவருக்கு யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டுவது பெரும் மன உளைச்சல் என்பதில் ஐயமில்லை. கைகள் வியர்க்கும். கழுத்து இறுகும். பக்கத்தில் இருக்கும் மனைவியோடு தேவையில்லாமல் சண்டை வரும். கனடாவிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு வலப்பக்கம் ஓடிப் பழகிய கை வேறு தடுமாறும். ஆனால் இங்கிலாந்தில் இருக்கிற எனக்கு அந்தச் சாட்டும் இல்லை. அங்கும் இடப்பக்கம், இங்கும் இடப்பக்கம். அப்படியானால் உளைச்சல் எங்கிருந்து வருகிறது?

முதற் காரணம், வீதியின் மொழி வேறு. இங்கிலாந்தில் எதிரே வருகிறவர் முன்விளக்கை ஒருமுறை மின்னவிட்டால், “நீங்கள் முதலில் வாருங்கள்” என்று பெரும்பாலும் அர்த்தம். இலங்கையில் அதே மின்னல், “நான் வருகிறேன், நில்” என்பதாகும். ஒடுக்கமான பாலமொன்றில் இந்த இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹோர்னும் அப்படித்தான். லண்டனில் ஹோர்ன் அடிப்பது ஏறத்தாழ ஏசுவதற்குச் சமம். அதனால் எங்கள் கை அதற்குப் போவதில்லை. ஊரில் முடக்கில் ஹோர்ன் அடிப்பது மரியாதை. ஒரு வீட்டு வாசலில் நின்று “வீட்டுக்காரர்!” என்று கூப்பிடுவது போன்றது அது. நான் அன்று அடிக்கவில்லை. என் லண்டன் நாகரிகம் ஒரு முதியவரை விழுத்தியது.

இரண்டாவது காரணம், வாகனத்தின் பருமன். எங்கள் இளமைக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஓடிய மொறிஸ் மைனரின் அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் கூட. ‘ஏ 40’ என்று நாங்கள் அழைத்த ஒஸ்ரின் கார்களும் அதைவிடப் பெரிதாக அகன்றவையல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடியவை அவைதான். இன்றைக்கு நாங்கள் வாடகைக்கு எடுக்கிற வான், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஆறரை அடிக்கு வரும். இது யாழ்ப்பாணத்தின் பிரச்சினை மட்டுமல்ல. ஐரோப்பாவில் விற்பனையாகும் புதிய கார்களின் சராசரி அகலம் இரண்டு வருடங்களுக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் கூடி, 2023 இல் 180 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டதென ஐரோப்பியப் போக்குவரத்து ஆய்வொன்று கூறியது. இலங்கையில் 2020 இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் நீங்கியிருக்கிறது. இனி வருகிறவை சிறியவையாக இரா.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதற்கு ஒழுங்கைகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை எவரும் வரைபடம் போட்டுத் திட்டமிட்டு அமைக்கவில்லை. காணி பிரிபடப் பிரிபட அவை பிறந்தன. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுத்தில் வைத்த தேசவழமை, சீதனத்தின் பெயரால் காணி பெண்பிள்ளைகளுக்குப் போகும் வழக்கத்தை உறுதிப்படுத்திற்று. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். தகப்பனின் பதினாறு பரப்பு நான்கு பெண்பிள்ளைகளுக்கு நான்கு நான்காகப் போகும். அடுத்த தலைமுறையில் அந்த நான்கும் இரண்டு இரண்டாகும். உள்ளே இருக்கிற துண்டுக்குப் போவதற்கு வழி வேண்டும். ஆகவே உறுதிகளில் காணியோடு வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்பனவும் எழுதப்பட்டன. ஒரு மாட்டு வண்டில் போனால் போதும் என்ற கணக்கில் விடப்பட்ட வழிகள்தான் இன்றைய ஒழுங்கைகள்.

அந்த ஒழுங்கைகள் அன்றும் ஒடுக்கமானவைதான். ஆனால் அவற்றின் கரையில் நின்றவை வேலிகள். கதியால் வேலிக்கு ஓர் இளக்கம் இருந்தது. வண்டில் சில்லு உரசினால் ஓலை கிழியும். ஒரு கை படாது. சைக்கிளில் வருகிறவர் வேலிக்குள் சாய்ந்து நிற்கலாம். மாரியில் பூவரசு வெளியே சரிந்தால் வெட்டிவிடலாம். ஓலைக்கு இடையால் எதிரே வருகிறவரின் வெள்ளைச் சேட்டு தெரியும். மதிலுக்கு இந்தக் குணங்கள் எதுவும் கிடையாது. ஆறடி உயரத்தில், மூலை கூராக, சீமெந்து பூசி நிற்கும் மதில் எதையும் காட்டாது, எதற்கும் வளையாது.

வேலியை அரக்குகிற பழக்கம் நம்மவரிடம் புதியதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலிச் சண்டையில் உறவு முறிந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் எல்லை வழக்குகளுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் பக்கத்து வளவுக்காரனின் எல்லையில் கதியாலை அரக்கினால் அவன் கத்தியோடு வருவான். ஒழுங்கைப் பக்கம் அரக்கினால் எவரும் வரமாட்டார். ஒழுங்கை எல்லோருக்கும் சொந்தம், ஆகவே கேட்பாரில்லை. அரக்கிய கதியாலையாவது அடுத்த வருடம் பிடுங்கி நடலாம். அரக்கிக் கட்டிய மதில் ஐம்பது வருடம் நிற்கும். 2002 இல் ஏ 9 பாதை திறந்தபோதும், பிறகு 2009 இல் போர் முடிந்தபோதும் வெளிநாட்டுக் காசு ஊருக்குள் போய் மதில்களாக எழுந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி வெளியே வந்தால் பதினோரடி ஒழுங்கை ஒன்பதடியாகும். ஊர் வீதிகள் ஒடுக்கம் என்று அலுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் அந்த ஒடுக்கத்துக்குக் காசு அனுப்பியவர்கள்?

மதில் கட்டியவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வருடந்தோறும் ஓலை வெட்டி வேலி அடைக்க இன்றைக்கு ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கூலி கட்டாது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் தாய்க்கு இரவில் மதில் ஒரு துணை. களவுப் பயம் உண்மையானது. என் தாயாருக்காகத்தான் நானும் கட்டினேன். மதில் வேண்டாம் என்பது என் வாதமல்ல. அது நிற்கும் இடமும் மூலையில் அது எடுக்கும் வடிவமுமே என் கேள்வி.

ஒடுக்கமான வீதி என்றாலே உளைச்சல்தான் என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கில் கோர்ன்வாலுக்கு விடுமுறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பற்றை வேலி. நடுவில் ஒரு கார் போகிற அகலம். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதிகளிலும் ஒற்றை வாகனப் பாதைகள் மைல் கணக்கில் உண்டு. அங்கே இடைக்கிடை வீதியின் கரையை அகட்டி ஒதுங்குமிடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். மேட்டில் ஏறி வருகிறவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று பிரித்தானிய வீதி ஒழுங்கு நூலின் 155 ஆம் விதி சொல்கிறது. பின்னோக்கி ஓட்டுவதை அங்கே எவரும் தோல்வியாக நினைப்பதில்லை. வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தாமல் போனால்தான் மரியாதைக் குறைவு.

அந்த நூலில் 2022 ஜனவரியில் செய்யப்பட்ட மாற்றம் இன்னும் பொருத்தமானது. எவரால் கூடிய தீங்கு விளைவிக்க முடியுமோ அவருக்கே கூடிய பொறுப்பு என்று அது கூறுகிறது. சைக்கிளில் போகிறவரைக் கார் கடந்து செல்லும்போது, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில், குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளி விட வேண்டும். அதாவது ஐந்தடி. இதை எங்கள் ஒழுங்கையில் வைத்துப் பார்த்தேன். சைக்கிள்காரருக்கு இரண்டடி, இடைவெளி ஐந்தடி, வானுக்கு ஆறரை அடி: பதின்மூன்றரை அடி. ஒழுங்கையோ ஒன்பதடி. அப்படியானால் ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிளை வானால் முந்தவே முடியாது. பின்னால் போவதே வழி. லண்டனில் இந்த விதிக்கு மறுபேச்சுப் பேசாமல் கட்டுப்படுகிற நாங்கள், ஊரில் இறங்கியதும் ஒரு முதியவரின் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு நிமிடம் போகப் பொறுமையில்லாமல் ஹோர்னை அமத்துகிறோம். முடக்கில் அடிக்க வேண்டிய ஹோர்னை அடிப்பதில்லை. அடிக்கக்கூடாத இடத்தில் அடிக்கிறோம்.

வழிவிடுகிற குணத்தை வெள்ளைக்காரனிடம்தான் படிக்க வேண்டுமா என்று யாரும் கோபிக்க வேண்டாம். நம்மிடம் அது இருந்தது. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் வாசலில் சங்கடப்படலை இருந்தது. கூரை போட்ட அந்தப் படலையின் இருபுறத் திண்ணையிலும் தெருவால் போகிறவர் எவரும் இருந்து இளைப்பாறலாம். பக்கத்தில் தண்ணீர்ப் பானை. தலைச்சுமையை இறக்கி வைக்கத் தெருவோரத்தில் சுமைதாங்கிக் கல். பருத்தித்துறையில் தும்பளை வீதியிலுள்ள தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கற்றூண்கள் தாங்கும் கூரை தெருவையே மூடி நிற்கிறது; இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணைகள்; நடுவால் போக்குவரத்து. அதுவும் தெருவைப் பிடித்துக் கட்டிய கட்டடம்தான். ஆனால் கட்டியவர் பிடித்தது தெருவில் போகிறவர்களின் நிழலுக்காக. எங்கள் மூதாதையர் தங்கள் காணியிலிருந்து தெருவுக்குக் கொடுத்தார்கள். நாங்கள் தெருவிலிருந்து எங்கள் காணிக்கு எடுக்கிறோம்.

வழிவிடுதல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிக் கிளம்பிய இரவு அது. அப்போது நான் பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞன். சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடும் சாவகச்சேரிக்குப் போய்ச்சேர விடிந்து நெடுநேரமாயிற்று. செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரையும் இருபுறமும் வெளியும் உவர்நீரும், ஒதுங்க இடமில்லை. மழை வேறு. அந்த நெரிசலுக்குள் நோயாளி ஒருவரைச் சாய்மனைக் கதிரையோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “வழி விடுங்கோ” என்று ஒருவர் சொன்னார். நகர இடமே இல்லாத அந்த இடத்தில் சனம் எப்படி நகர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நகர்ந்தது. கதிரை போயிற்று. அதைவிட ஒடுக்கமான ஒரு வீதியை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

அந்தக் கதிரையை நான் இங்கே நினைவுகூரக் காரணமுண்டு. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கக்கூடிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் தெற்கில் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் வந்தது. இன்று ஊரில் எஞ்சியிருப்பவர்களில் பலர் முதியவர்கள். எங்கள் தாய் தகப்பன். என் தாயாருக்கு நெஞ்சுநோ வந்த இரவில் அம்புலன்ஸ் ஒன்று வந்தது. ஆனால் முடக்கோடு நின்றுவிட்டது. உள்ளே திரும்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன்கள் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினார்கள். தாயார் பிழைத்துக்கொண்டார். இதைத் தொலைபேசியில் கேட்டபோது, “என்ன ஊர் இது, ஒரு அம்புலன்ஸ் வரக்கூட வழியில்லை” என்று லண்டனிலிருந்து நான் ஏசினேன். அந்த முடக்கில் நின்றதும் என் மதில்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சைக்கிளில் விழுந்தவர் சொல்லவேண்டி வந்தது.

இதற்கு அரசாங்கம் வந்து ஒவ்வோர் ஒழுங்கையையும் அகட்ட வேண்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. பிரதான வீதிகள் காப்பெற் போட்டு அகட்டப்பட்டுவிட்டன. ஒழுங்கைகளை அகட்டக் காணி வேண்டும், காணி எங்களுடையது. செய்யக்கூடியவை சிறியவைதான். புதிதாக மதில் கட்டுகிறவர் முதலில் உறுதியையும் வரைபடத்தையும் எடுத்து, பிரதேச சபையில் வீதி எல்லையைக் கேட்டுவிட்டுக் கட்டலாம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்; கேட்பதற்கு ஆள் உண்டு. மூலைக் காணிக்காரர் மதிலைக் கூர்மூலையாக விடாமல் இரண்டு பக்கமும் மூன்றடி உள்ளே எடுத்துச் சரிவாக வெட்டிவிடலாம். அதனால் போகும் நிலம் நாலரைச் சதுர அடி. ஒரு கட்டிலின் பாதிகூட இல்லை. வெட்டிய அந்தத் துண்டில் உயர்ந்த சுவருக்குப் பதில் கம்பி வலை போட்டால் எதிரே வருவது தெரியும். நீண்ட ஒழுங்கைகளில் கேற்றைப் பத்தடி உள்ளே தள்ளி வைத்தால், பழைய சங்கடப்படலை போல அதுவே ஒதுங்குமிடமாகிவிடும்.

விடுமுறைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்பட, வாகனங்களெல்லாம் ஒழுங்கைகளுக்குள்தான் திரும்பும். அந்த நாட்களில் பெரிய வாகனத்தைப் பிரதான வீதியில் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போங்கள். ஐந்து நிமிட நடைதான். கட்டாயம் ஓட்ட வேண்டுமானால் ஊர்ச் சாரதி ஒருவரை அமர்த்துங்கள். அவருக்கு அந்த வீதியின் மொழி தெரியும், அவருக்கு ஒரு நாட் சம்பளமும் கிடைக்கும். இரண்டும் முடியாதென்றால், முதல் இரண்டு நாட்களைச் சைக்கிளில் கழியுங்கள். ஒழுங்கையின் அகலம் எவ்வளவு என்பது சைக்கிளில் போகும்போதுதான் தெரியும். வானின் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தால் சைக்கிள்காரர் இடைஞ்சலாகத் தெரிவார். சைக்கிளில் இருந்து பார்த்தால் யார் இடைஞ்சல் என்பது விளங்கும்.

என் விடுமுறை முடிய ஆறு நாட்கள் இருந்தபோது மேசனைக் கூப்பிட்டேன். காணியில் பங்குள்ள தம்பி ரொரன்ரோவில் இருந்து தொலைபேசியில், “உங்களுக்கென்ன விசரே? கட்டின மதிலை ஆராவது இடிப்பினமே?” என்றான். அம்மாவைக் கதிரையில் தூக்கிப்போன இரவை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, செலவிலை பாதி என்ரை” என்றான். மூலை இப்போது மூன்றடி உள்ளே போய்விட்டது. வெளியே வந்திருந்த ஓர் அடியை நீளம் முழுவதும் எடுக்க அந்த ஆறு நாட்கள் போதவில்லை. அது அடுத்த முறைக்கு.

முடக்கின் மற்றப் பக்க மதில் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதன் சொந்தக்காரர் நோர்வேயில் இருக்கிறார். என் எழுத்தைத் தவறாமல் வாசிக்கிறவர் என்று அறிந்திருக்கிறேன்.